இருக்கைத் துணியில் அறுந்த இழை

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு துண்டுத் துணி மடித்துக் கிடக்கிறது. காத்தான்குடியில் வாங்கிய கைத்தறித் துணி. அதன் ஓரத்தில் என் காப்புச் சிக்கி ஓர் இழை அறுந்திருக்கிறது. எதற்கும் உதவாத அந்தத் துணியை நான் எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் என் மச்சான், மாமாவின் மகன். அவருக்கு நான், எனக்கு அவர் என்று எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் இரண்டு வீட்டாரும் பேசிவைத்திருந்தார்கள்.

சண்டைக் காலம். வானத்தில் இரைச்சல் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுகிற ஊரில் மச்சானுக்கு மட்டும் விமானப் பைத்தியம். கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தார். அதில் ஓட்டுவதற்கென்று வெளிநாட்டுக்காரர்கள் பழைய காலத்து விமானங்களைச் செய்து இணையத்தில் இலவசமாக விட்டிருந்தார்கள். புளியந்தீவில் நான் படிப்பித்த கணினி வகுப்பில் தொலைபேசி வழி இணையம் இருந்தது. ஒரு விமானத்தை இணையத்திலிருந்து கணினிக்கு இறக்கப் பகல் முழுவதும் போகும். முக்கால்வாசி இறங்கியதும் கரண்ட் போகும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவோம். அப்படி மல்லுக்கட்டி இறக்கிய ஒன்று, இரட்டை விசிறி வைத்த பயணிகள் விமானம். சண்டைக்கு முந்தி வாவிக்கரை ஓடுபாதையில் அந்த மாதிரி விமானம் வந்து இறங்குமாம். அதை எங்கள் ஊர் விமானமாக மாற்றி, எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி எங்கள் இருவர் பெயரிலும் இணையத்தில் விடுவது என்று தீர்மானித்தோம். மச்சான் ஓடுபாதையையும் வாவியையும் பாலத்தையும் வரைந்தார். விமானத்தின் உட்புறம் என் பொறுப்பு.

இருக்கைகள் வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தன. கோடு போட்ட துணி போட்டிருந்ததாக அந்த விமானத்தில் போய்வந்த ஒருவர் சொன்னார். கடை கடையாக ஏறி இறங்கி அதேபோல ஒன்று வாங்கி, ஸ்கேனரில் படமெடுத்து இருக்கைகளுக்கு உடுத்தினேன். அதன் பிறகுதான் அறுந்த இழை கண்ணில் பட்டது. ஒரே படம் என்பதால் எல்லா இருக்கையிலும் ஒரே இடத்தில் இழை அறுந்திருந்தது. திருத்துகிறேன் என்றேன். மச்சான் விடவில்லை. "கிடக்கட்டும் மச்சாள், ஆர் பாக்கப்போறாங்க? உங்கட காப்புப் பட்ட இடம்தானே," என்று சிரித்தார். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வேலை முடிந்து, புளியந்தீவிலிருந்து அதை இணையத்துக்கு அனுப்புவதற்காக, அதைப் பதிந்த இறுவட்டோடு இருவரும் பஸ் ஏறினோம். "சீடிய உங்கட பேக்குக்குள்ள வைங்க மச்சாள். பொம்புளயளிட பேக்கெண்டா பெரிசாக் கிளற மாட்டாங்க," என்றார். வைத்தேன். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் இறக்கி ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடக்கவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் கிளறினார்கள். இறுவட்டை அங்கேயே ஒரு கணினியில் போட்டதும் திரையில் ஓடுபாதை, பாலம், வாவி. தாக்குதலுக்கு வரைந்த படமா, எதற்காக இதை வரைந்தாய் என்று கேட்டார்கள். விளையாட்டுக்கு என்றேன், எனக்கே அது நம்பும்படியாக இல்லை. பக்கத்து வரிசையில் நின்ற மச்சானைக் காட்டி, அவரிடம் கேளுங்கள் என்றேன். அவர்களுக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் மச்சான் பக்கம் திரும்பினார். மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவ ஆரெண்டு எனக்குத் தெரியா. நான் தனியத்தான் வாறன்."

பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. என்னைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அப்பா ஆளுக்கு ஆள் கையெடுத்துக் கும்பிட்டு என்னை வெளியே எடுப்பதற்குள் மச்சான் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடும் போய்விட்டார். வகுப்பிலும் என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். "பொடியன் பயந்திட்டான் புள்ள, மனசில வெச்சிக்காத," என்று மாமி அழுதாள். பயத்தை நான் குற்றம் சொல்லவில்லை. அங்கே நானுந்தான் பயந்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னதை எப்படி மறப்பேன்?

சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து, அந்தப் பழைய விமானங்களின் இணையத்தளத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கள் விமானம் அங்கே இருந்தது. வேறொரு பிரதியை அவர் கொண்டுபோயிருக்கிறார். தன்னந்தனியாகச் செய்ததாக எழுதியிருந்தார். அதையாவது பொறுத்திருப்பேன். தான் இந்த இறுவட்டோடு சோதனைச்சாவடியில் பிடிபட்டு விசாரிக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தார். கீழே யார் யாரோ அவருடைய துணிச்சலைப் புகழ்ந்திருந்தார்கள். என் வேலையை எடுத்தது போதாதென்று நான் பட்ட பாட்டையும் எடுத்துக்கொண்டாரே! இறக்கி, திறந்து, உள்ளே போய்ப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமான இருக்கைகள். ஒவ்வொன்றிலும் அறுந்த இழை.

அந்தப் புகழ்ச்சிகளுக்குக் கீழே, பெயர் போடாமல் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: எல்லா இருக்கையிலும் ஏன் ஒரே இடத்தில் இழை அறுந்திருக்கிறது?

அவர் பார்ப்பார், ஒரு சொல்லாவது எழுதுவார் என்று நாள்தோறும் திறந்து பார்த்தேன். பதிலுக்கு விமானத்தின் புதிய பதிப்புத்தான் வந்தது. அதையும் இறக்கித் திறந்தேன். இருக்கைகள் எல்லாம் பழையபடி வெறும் சாம்பல் நிறம். கணினியை மூடிவிட்டு அலுமாரியைத் திறந்து துணியை எடுத்து விரித்தேன். அறுந்த இழை அதே இடத்தில் இருந்தது.