விட்டுப்போன சென்டர் லைன்

ஆரணியில் தறிச் சத்தம் கேட்காத தெருவில் வீடு கிடைப்பது கடினம். தாவீது அப்படித் தேடவும் இல்லை. கீழ்வீட்டில் நான்கு தறிகள். மாடியில் அவர், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலியில் துணி காயும். வயது ஐம்பத்திரண்டு. மனைவி பாக்கியமேரி இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருநூறு பேர் வணக்கத்துக்குப் பதிலாக அவருக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள். திங்கள் முதல் சனி வரை அவரோடு பேசுவது அநேகமாக ஒரே ஒருத்திதான். அவளும் திட்டுவதற்காகத்தான் பேசுவாள்.

அவள் பெயர் பானுப்ரியா. ஓசூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்ப்பவள். தாவீது அந்தக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே உதிரி பாகங்களை வரைந்து அனுப்புகிறார். இருவரும் முகம் பார்த்ததில்லை.

வட்டமான பாகமோ, அதில் போடும் ஓட்டையோ, எதுவானாலும் படத்தில் அதன் நடுவில் சென்டர் லைன் போட வேண்டும். நீளமாக ஒரு துண்டு, குட்டையாக ஒரு துண்டு, மறுபடி நீளம் என்று அந்தக் கோடு ஓட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, விளிம்புக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். செய்து முடித்த இரும்பில் அப்படியொரு கோடு இருக்காது. ஆனால் லேத் பட்டறைக்காரர் இல்லாத அந்தக் கோட்டிலிருந்துதான் எல்லா அளவையும் எடுக்கிறார்.

தாவீது முப்பது வருடமாக வரைகிறார். அளவு பிசகியதில்லை. ஆனால் தினமும் ஏதாவது ஒரு ஓட்டைக்கு சென்டர் லைன் விட்டுப்போகும். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் உண்மையிலேயே மறந்தார். பதினோரு மணிக்கு போன் வந்தது. ஏழு நிமிடம் திட்டு. அன்று மதியச் சாப்பாடு ருசியாக இருந்தது. மறுநாளிலிருந்து மறதி திட்டமிட்டு நடந்தது. எந்த ஓட்டை என்பதைக் காலைக் காபியோடு முடிவு செய்வார். பெரிய ஓட்டையென்றால் மானக்கேடு. மிகச் சின்னதென்றால் அவள் கண்ணில் படாமல் பட்டறைக்குப் போய்விடலாம். பானுப்ரியாவின் கவனத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்ததால்தான் அவரால் கவனக்குறைவாக இருக்க முடிந்தது.

"சார், நாலாவது ஓட்டைக்கு லைன் எங்க?"

"போட்ட மாதிரி இருந்துச்சேம்மா."

"அப்ப எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"ஆரணி எலி பட்டுத்துணியைத்தான் கடிக்கும். கோடெல்லாம் கடிக்காது."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்ல சார்!"

போன ஜூனில் அவளே சொன்னாள். "அடுத்த வாரத்துலேர்ந்து புது சாஃப்ட்வேர் சார். ஓட்டை போட்டாலே லைன் தானா வந்துடும். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

நிம்மதி திங்கட்கிழமை வந்தது. எல்லா ஓட்டையிலும் கோடுகள் தாமாக நின்றன. பதினோரு மணிக்கு போன் அடிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை, மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா பச்சையம்மாள் வாசலில் நின்றார்.

"இன்னா சார், போனையே பாத்துகினு இருக்கீங்க?"

"ஆபீஸ் போனுங்க. மூணு நாளா வரலை."

"ஆபீஸ் போன் வரலைன்னு பேஜாராவற ஆளை இப்பதான் சார் பாக்கறேன்."

வியாழக்கிழமை தாவீது ஓர் ஓட்டையைத் தேர்ந்தெடுத்து, அதில் தானாக வந்திருந்த இரண்டு கோடுகளையும் அழித்தார். பத்தே முக்காலுக்கே போன் வந்தது.

"சார், இந்த லைனை நீங்க அழிச்சிருக்கீங்க. யாரு எதை அழிச்சாங்கன்னு இதுல லிஸ்ட் வருது."

"கை தவறிப் பட்டிருக்கும்மா."

"குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. ரெண்டு தடவை தவறுமா சார்?"

அவர் பதில் தேடினார். உண்மைதான் கிடைத்தது. "நீங்க போன் பண்ணலையேன்னுதாம்மா."

அந்தப் பக்கம் அவள் கணக்குப் போட்டாள்.

"நாலு வருஷமாவா?"

"மொத தடவை நெஜமாவே மறந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "மேனேஜர் இந்த லிஸ்ட்டைப் பார்த்தா உங்களுக்கு வேலையே அனுப்ப மாட்டாரு சார். இனிமே எதையும் அழிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை அவர் அனுப்பிய படத்தில் குறையே இல்லை. பதினோரு மணி கடந்தது. பதினொன்றரைக்கு, நான்கு வருடத்தில் முதல்முறையாக, அவரே கூப்பிட்டார்.

"படம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார்."

"தப்பு ஏதாச்சும்...?"

"ஒண்ணும் இல்ல சார்."

தப்பைப் பற்றியே பேசிப் பழகியவர்கள். தப்பில்லாத இடத்தில் இருவருக்கும் பேச்சு வரவில்லை. இருந்தும் யாரும் போனை வைக்கவில்லை.

"அங்க என்ன சார், தடக் தடக்னு?"

"தறிம்மா. கீழ்வீட்ல."

"ஓ." யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "வச்சிடறேன் சார்."

தாவீது ஒரு காகிதத்தை எடுத்தார். மறுநாள் என்ன கேட்கலாம் என்று எழுதிப் பார்த்தார். 'ஓசூரில் குளிரா?' என்று எழுதினார். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.