கதவுக்கு அப்பால் கேட்ட சத்தம்

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் ஒரு பழைய அமெரிக்கக் கிரைம் படம் போட்டார்கள். சினிமா பேசத் தொடங்கிய புதிதில் எடுத்தது. மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்தார்களோ என்னவோ... எல்லாரும் அதையே சுற்றி நின்று பேசினார்கள்! எனக்குச் சிரிப்பு.

பக்கத்தில் ரஞ்சன். லூயிஷாமில் என் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருப்பவன். முப்பது வயது, அதிகம் பேசமாட்டான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். ஏன் நாட்டை விட்டு ஓடினான் என்பது தெளிவாக இல்லையாம். இந்த மாதம் அப்பீல். தோற்றால் பிளேன் ஏற்றிவிடுவார்கள்.

படத்தில் ஒருவனைப் பொலிஸ் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. அடிப்பதைக் காட்டவில்லை. மூடிய கதவு, அதற்குப் பின்னால் சத்தம் மட்டும். கதவு திறந்ததும் அவன் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தான்.

ரஞ்சன் எழும்பி டிவியை நிற்பாட்டினான்.

"ஊரிலை எனக்கும் இப்பிடித்தான் அண்ணை. என்னை அடிக்கேல்லை. பக்கத்து அறையிலை தம்பியை அடிச்சவங்கள். அந்தச் சத்தம் கேக்க ஏலாமல்தான் கையெழுத்து வச்சனான்."

"தம்பி இப்ப எங்கை?"

"தெரியாது அண்ணை."

முதல் விண்ணப்பம் எழுதிய நாளிலேயே இதைச் சொல்ல அவன் வாயெடுத்தான். கையெழுத்து என்றதுமே நான் பாய்ந்துவிட்டேன். "ஐயோ, மூச்சு விடாதை! குற்றவாளி எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!" தம்பியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒருவன் வந்து இறங்கியதும் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று வகுப்பெடுக்கப் பத்துப் பேர் ரெடி. உனக்கு என்னப்பா நடந்தது என்று கேட்க... எத்தனை பேர்?

செவ்வாய்க்கிழமை லோயரிடம் போனோம். வழமைபோல் நான்தான் மொழிபெயர்ப்பு. ரஞ்சன் எல்லாவற்றையும் சொன்னான். தம்பி கத்தியதைச் சொன்ன இடத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒருவாறு சொல்லி முடித்தேன்.

லோயர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?"

தமிழில் கேட்டேன். ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு கேள்விக்கு நானே பதில் சொன்னேன்.