மோட்டார் மாட்டியவர் ஓட்டுக் கேட்டார்

உங்கள் வாசலில் நின்று ஓட்டுக் கேட்கிறவர், அதே மூச்சில் உங்கள் தப்பையும் சொன்னால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லப்போகும் தெருவிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பிளம்பர். இருபத்திரண்டு வருடமாக அதே வார்டில் குழாய் வேலை. எந்த வீட்டு வால்வு மக்கர் பண்ணும், எந்தச் சுவருக்குள் பைப் எப்படி வளைகிறது என்பதெல்லாம் மனப்பாடம். ‘ஸ்பேனர்’ என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். சொந்தப் பெயர் மனைவிக்கும் பேங்க் பாஸ்புக்குக்கும் மட்டும்தான் தெரியும்.

மெயின் பைப் முடிகிற கடைசிச் சந்தில் அவருடைய அக்கா வாடகைக்கு இருந்தார். அக்கா மகளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு தடவை மஞ்சள் காமாலை. இரண்டாவது தடவை பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க வந்தவர்கள், பிள்ளைக்கு நேரம் சரியில்லை என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். நேரத்துக்கு ஒரு கேடும் இல்லை. சாக்கடையை ஒட்டிப் போகும் பைப்பில் விரிசல் விட்டிருந்தது. அந்தச் சந்தின் பத்தொன்பது வீடுகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தன.

பைப்பை மாற்றச் சொல்லி நகராட்சியில் நான்கு மனு கொடுத்தார். நாலாவது தடவை அங்கிருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, கவுன்சிலர் கையெழுத்து இல்லாமல் ஃபைல் நகராது என்றார். கவுன்சிலர் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததே இல்லை. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. அடுத்த மனுவை ஸ்பேனர் வேட்பாளராகவே தாக்கல் செய்தார்.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “ஊர்ல இருக்கிற ஒழுகலையெல்லாம் அடைச்சு முடிச்சாச்சு. இனிமே நகராட்சியையே அடைக்கப் போறீங்களாக்கும்?” கேட்டுவிட்டு, மறுநாள் கணவர் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

சின்னமாகக் குழாய் கேட்டார். குலுக்கலில் அது வேறொருவருக்குப் போய்விட்டது. இவருக்குக் கத்தரிக்கோல். தையல்காரர் ஓட்டு உறுதி என்று அவரே சிரித்துக்கொண்டார்.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. போகிற வீடெல்லாம் காபி. அர்த்த ராத்திரியில் உடைந்த பைப்பை வந்து அடைத்துக் கொடுத்த மனிதரை யார் வேண்டாம் என்பார்கள்? நாலாவது வாரம் தெருமுனையில் கூட்டம் போட்டார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்து, பைப்பில் விரிசல் என்றால் தண்ணீர் வெளியே அல்லவா போக வேண்டும், சாக்கடை எப்படி உள்ளே வருகிறது என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நகராட்சியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் மனிதருக்குத் தொழில் தெரியும். மெயின் பைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் உள்ளே அழுத்தம் குறையும், விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து ஏறும், மேலே இருக்கிற வீடுகளுக்குத் தண்ணீர், கடைசி வீடுகளுக்கு மிச்சம் என்று விளக்கினார். புது பைப் போட்டாலும் மோட்டாரை எடுக்காவிட்டால் இதே கதைதான் என்றார்.

வாத்தியார் விடவில்லை. “எத்தனை வீட்ல அப்படி மோட்டார் இருக்கு?”

“அறுபத்து மூணு சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே மாட்டினேன். உங்க வீட்ல படிக்கட்டுக்குக் கீழே இருக்கு. என் வீட்லயும் இருந்துச்சு, முந்தாநாள் கழட்டிட்டேன்.”

ஒருவரும் கைதட்டவில்லை. கூட்டம் நாற்காலிகளை விட்டு ஒவ்வொருவராகக் கழன்றது. எதிர்த்து நின்றவர் பழைய கவுன்சிலரின் மைத்துனர், டைல்ஸ் கடைக்காரர். மறுநாளே அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: ஸ்பேனரின் சின்னம் என்னவென்று பார்த்தீர்களா? உங்கள் கனெக்‌ஷனை வெட்டத்தான் வருகிறார். அதற்குப் பிறகு ஸ்பேனருக்குக் காபி வரவில்லை. கதவிடுக்கில் பாதி முகம் தெரியும், அவசர வேலையாக இருக்கிறோம் என்று சொல்லும், மறையும்.

சாக்கடைத் தண்ணீரைக் குடிக்கும் குழந்தையைப் பற்றி இந்த அறுபத்து மூன்று வீடுகளுக்கும் தெரியும். தெரிந்தேதான் காலையில் சுவிட்சைப் போட்டார்கள்.

இருந்தாலும் கடைசிச் சந்து தன்னைக் கைவிடாது என்று ஸ்பேனர் நம்பினார். வாக்குப்பதிவு அன்று பத்து மணிக்கு அக்கா பூத்திலிருந்து திரும்பி வந்தார். விரலில் மை இல்லை.

“என் பேரே இல்லையாம்டா தம்பி. பழைய வீட்டு விலாசத்துலதான், வேற வார்டுல இருக்காம்.”

அக்காவுக்கு மட்டுமல்ல. பத்தொன்பதும் வாடகை வீடுகள். வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், இவர்கள் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போவார்கள். வாக்காளர் பட்டியல் இவர்கள் பின்னால் ஓடி வருமா? சாயங்காலம் வரை ஸ்பேனர் கதவு கதவாகத் தட்டி எண்ணினார். ஓட்டுப் போடுகிற வயதில் இருந்தும் பெயர் இல்லாதவர்கள் நாற்பத்தாறு பேர்.

முப்பத்தொரு ஓட்டில் தோற்றார்.

மோட்டார் விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேனா என்று அன்றைக்கு மனைவியிடம் கேட்டிருக்கிறார். ஜெயித்திருப்பீர்கள், அப்புறம் என்ன முகத்தோடு மோட்டாரைக் கழட்டப் போவீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவரை உறுத்துவது வேறு. “எல்லார் வீட்டுக்குள்ளயும் போயிருக்கேன். அந்தப் பட்டியலை மட்டும் ஒரு தடவைகூடப் புரட்டிப் பாக்கல.”

பைப் இன்னும் மாறவில்லை. அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்து வடிகட்டுகிறார். அக்கா மகள் பள்ளிக்கூடம் போகிறாள், ஆனால் தட்டில் வைத்ததில் பாதியை ஒதுக்கிவிடுகிறாள். மூன்று வீட்டுக்காரர்கள் ஓசைப்படாமல் வந்து மோட்டாரைக் கழட்டித் தரச் சொன்னார்கள். வாத்தியார் அவர்களில் ஒருவர் இல்லை.

பெயர் சேர்ப்பு மறுபடி தொடங்கியிருக்கிறது. ஸ்பேனர் வேலை முடிந்ததும் சந்து சந்தாகப் படிவத்தோடு போகிறார். ஒரு மனிதர், ஒரு சைக்கிள், எத்தனை சந்துக்குத்தான் போவார்? உங்கள் தெருவிலும் வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கதவைத் தட்டுங்கள். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.