மிளகாய்த்தூள் கிண்ணம்

காய்ந்த எண்ணெயில் பட்டையும் கிராம்பும் பொரிந்து, அதன்மேல் இஞ்சி பூண்டு விழுது விழுந்ததும் ஒரு வாசனை கிளம்புமே, அது எங்கள் வீட்டில் கதவைத் தாண்டித் தெருக்குழாய் வரைக்கும் போகும். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் தோல் கம்பெனிகளின் கழிவுநீர்க் கால்வாய் ஓடியது. அதன் அழுகல் நெடியோடு முட்டி மோதித்தான் எந்தச் சமையல் வாசனையும் வெளியே வர வேண்டும். மற்ற வீட்டு வாசனைகள் பாதியிலேயே தோற்றுவிடும், அம்மாவுடையது வந்துவிடும். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் "ஸ்டெல்லா வூட்ல பெரிய கறி" என்று சொல்லிக்கொள்வார்கள். மாட்டுக்கறிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு "ஷாப்"பில் வேலை. எங்கள் பக்கத்தில் ஷாப் என்றால் கடை என்று அர்த்தமில்லை, தோல் பதனிடும் கம்பெனி. லாரியில் வந்து இறங்கும் உப்புத் தோல்களைக் கட்டுப் பிரித்து, எது தேறும், எது உள்ளுக்குள் அழுக ஆரம்பித்துவிட்டது என்று முகர்ந்து பார்த்தே ஒதுக்குவது அவர் பொறுப்பு. அந்த மூக்கால்தான் அவர், மயிர் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் கால் நனைக்காமல் நிழலில் நின்று வேலை பார்த்தார். மற்றவர்கள் அவரை "மேஸ்திரி" என்று அழைத்தார்கள். அதே மூக்கோடு சாயங்காலம் வீட்டுக்கு வருவார். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே வாசலில் இருந்து குரல் வரும்: "இன்னா ஸ்டெல்லா, நெத்திலிக் கருவாட்டுல முள்ளங்கி போட்டியா?" அம்மாவின் குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். நன்றாயிருக்கிறது என்று நைனா தன் வாயால் சொன்னதே கிடையாது. அந்த வாசல் குரல்தான் அம்மாவுக்குக் கிடைத்த பாராட்டு எல்லாம்.

வெளியேயும் அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், அறுப்பின் பண்டிகை விருந்து என்றால், எத்தனை பேர் வெங்காயம் நறுக்கினாலும் மசாலா கூட்டுவதற்கு அம்மாதான் போக வேண்டும். கரண்டியால் அளக்கமாட்டாள். உள்ளங்கையில் தூளை அள்ளிப் பெரிய அண்டாவில் போடுவாள், போட்டது போட்டதுதான். பத்தாவதுகூடத் தாண்டாதவளுக்கு, வாத்தியார் மனைவிகளும் நர்ஸ் அக்காமார்களும் சுற்றி நின்று வழிவிடும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அந்த வாசல் குரல் நின்றுபோனது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு சாப்பாட்டின்முன் உட்கார்ந்து முகம் சுளிக்க ஆரம்பித்தார். "இன்னா சோறு இது? சப்புனு இருக்குது. மண்ணத் துன்ற மாதிரி இருக்குது." அம்மா ஒரு வாய் எடுத்து ருசி பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு நிற்பாள். மறுநாள் மசாலாவைக் கொஞ்சம் கூட்டுவாள். "கம்மியா இருக்குது" என்பார். அதற்கடுத்த நாள் இன்னும் கூட்டுவாள். நானும் என் தம்பியும் கண்ணில் தண்ணீர் வடிய, ஒரு கவளத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டோம். நைனா மட்டும் ஏதோ வைக்கோலை மெல்வதுபோல் மென்றுகொண்டிருப்பார்.

அவருடைய அக்கா, எங்கள் அத்தை, அடுத்த தெருவில் இருந்தாள். ஒருநாள் வந்து சாப்பிட்டவள், காரம் தாங்காமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஸ்டெல்லா, ஒனக்குக் கை போச்சிடி" என்றாள். எங்கள் பக்கத்தில் சமைப்பவளைப் பார்த்து அதைவிடக் கொடுமையாக ஒன்றும் சொல்ல முடியாது. கைப்பக்குவம் போய்விட்டது என்பது, ஏதோ சாபம் பிடித்துவிட்டது என்று சொல்வதற்குச் சமம். அத்தையின் வாய் சும்மா இருக்கக்கூடிய வாய் அல்ல. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அம்மாவை வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார்கள். மசாலா கூட்டியது அத்தை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போகத் தொடங்கியதும் இதற்குப் பிறகுதான். "வூட்ல வாய்க்கு வெளங்குற மாதிரி ஒண்ணும் இல்ல, வாங்க" என்பார். ஆராதனை முடிந்து நேராகப் பஜாருக்கு நடப்போம். எங்களுக்கு அது திருவிழா. விறகடுப்பில் தம் போட்ட சீரகசம்பா பிரியாணி, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி, கிண்ணத்தில் தால்ச்சா என்கிற பருப்புக் குழம்பு. பின்னால் வரும் அம்மாவை, கோயிலில் இருந்து திரும்புகிற பெண்கள் "இன்னா, இன்னிக்கும் அடுப்பு மூட்டலயா?" என்று கேட்பார்கள். அவள் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஓட்டலில் நைனா வாய் நிறையப் பிரியாணியோடு, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி "இது சாப்பாடு!" என்பார். அம்மா சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருப்பாள்.

ஒரு கத்திரி வெயில் ஞாயிறு. உள்ளே நுழைந்து உட்கார்ந்தோம். நைனாவுக்கு முதலில் வந்துவிட்டது. தால்ச்சாவை ஊற்றிப் பிசைந்து பாதிக்குமேல் சாப்பிட்டுவிட்டார். "பாத்தியா, தால்ச்சான்னா இப்டி இருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அப்போதுதான் எங்கள் கிண்ணங்கள் வந்தன. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டான். முந்தின நாள் மிச்சத்தைக் கலந்திருக்கிறார்கள். தால்ச்சாவில் புளி இருப்பதால் புளிப்பை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, வாடைதான் காட்டிக்கொடுக்கும். அது பின்பக்கக் கால்வாயின் வாடையாக அடித்தது. கல்லாவில் இருந்த பாய் ஓடிவந்து, "அய்யோ அண்ணே, கெட்டுப்போச்சி, துன்னாதீங்க, வேற தர்றேன்" என்று தட்டில் கை வைத்தார்.

நைனா தட்டை விடவில்லை.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். கிண்ணத்தைத் தூக்கி ஒருமுறை முகர்ந்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். "ஏங்க, ஒங்களுக்கு வாசன தெரியலயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எல்லாம் தெரியுது. நல்லாதான் கீது" என்றார் நைனா. சொன்னதோடு நிற்காமல், எங்கள் எல்லோர் முன்னாலும், பாய் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கெட்டுப்போன சோற்றைக் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். 

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தருகே சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள். "எப்போலேர்ந்து?" என்றாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "பெரியவ ஆறாவது சேர்ந்தப்பலேர்ந்து" என்றார். எல்லோருக்கும் போல மூக்கு பழகிவிட்டது என்று முதலில் நினைத்தாராம். ஷாப்பில் நாற்றம் தெரியாமல் போவது ஒரு வியாதி என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை, வேலைக்குப் பக்குவமாகிவிட்டான் என்பார்கள். பிறகு தோலிலும் வாடை தெரியவில்லை என்றதும் புரிந்திருக்கிறது. அன்றிலிருந்து முகர்வதுபோல் குனிந்து, விரலால் மயிரை இழுத்துப் பார்த்து, கழன்று வந்தால் அழுகல் என்று ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். "ஷாப்புல தெரிஞ்சா சுண்ணாம்புக் குழில எறக்கிடுவானுங்க. வாய மூடிக்கினு இரு. அக்காகிட்டகூடச் சொல்லாத" என்று சொல்லி, நிமிர்ந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். இரண்டடி தள்ளித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

தெரிந்தேதான் இருந்திருக்கிறார். தெரிந்தே அம்மாவின் தட்டைத் தள்ளினார், தெரிந்தே பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி பேசினார். தன் மூக்கைக் காப்பாற்ற அவள் கையைக் கொடுத்துவிட்டார்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் முதல் சமையல் பழைய பக்குவத்துக்கு வந்தது. நைனாவின் தட்டருகே மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து வைத்தாள். அவர் அள்ளிப் பிசைந்துகொண்டார். ஓட்டலுக்குப் போவது நின்றது. ஆனால் போன பெயர் திரும்பி வரவில்லை. தன் கை போகவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை வாய்வழியாக நைனாவின் மூக்கு போன சேதி சாயங்காலத்துக்குள் ஷாப் வாசலுக்குப் போயிருக்கும். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் போய், வெங்காயம் உரித்துவிட்டுச் சிவந்த கண்களோடு திரும்புவாள். வெங்காயத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். நைனா ஓய்வுபெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஷாப் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. பயந்து ஒளிய யாரும் இல்லை. அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டபோது அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "தங்கமான பொண்ணு. கை போனதுதான் ஒரு கொற." நான் நைனாவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பாலத்தருகே அம்மாவைப் பார்த்த அதே பார்வை.

இப்போது என்னோடு வேலூரில் இருக்கிறார். கால்வாய் இல்லாத தெரு, பக்கத்து வீடுகளில் என்ன சமையல் என்று தெரிவதில்லை. ஞாயிறானால் பிரியாணி டப்பாவில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. வாசலில் நின்று குழம்பின் பெயர் சொன்னவர், தட்டு முன்னால் வந்த பிறகும் "இன்னா செஞ்ச?" என்று கேட்கிறார். சென்ற வாரம் பெரிய கறி வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னா இருந்தாலும் ஒங்கம்மா கை யாருக்கும் வராது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத அம்மா உயிரோட இருக்கசொல்ல அத்தகிட்டச் சொல்லியிருக்கலாமே, நைனா?" என்று கேட்டேன்.

அவர் இன்னொரு வாய் அள்ளி மென்றார். பிறகு, "காரம் கம்மியா கீது" என்றார்.

மிளகாய்த்தூள் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.