கஷாயம் தெளித்த கடலை

போன வருடம் எங்கள் கன்றுக்குட்டி என் கையால்தான் செத்தது. மழுப்பி எழுத எனக்குத் தெரியாது. விதைக்கடலை உரிக்கும்போது கழித்துப்போடும் சொத்தைப் பருப்பை இடித்து, தவிட்டில் கலந்து வைத்தேன். எங்கள் ராமகுப்பம் பக்கத்தில் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். குட்டி தீனி எடுக்காமல் மெலிந்து படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் மிச்சமிருந்த பருப்பைப் பிட்டுக் காட்டினார். உள்ளே பச்சைப் பூசணம்.

“இதோட விஷம் ஈரலைத் துன்னுடும். வறுத்தாலும் முழுசா போகாது.”

“எல்லாரும்தான் வெக்கிறாங்க, சார்.”

“எல்லார் வூட்லயும்தான் சாவுது. நீங்க கண்ணுபட்டுச்சின்னு சொல்லிக்கினு இருக்கீங்க.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது மண்டைக்குள்ளேயே நின்றது. இதைத் தடுக்க ஒன்றுமே கிடையாதா? போனில் தேடினேன். சில இலைகளின் சாறு அந்த விஷத்தை உடைக்கும் என்று போட்டிருந்தது. அதில் ஆடாதொடையும் ஒன்று. என் வேலி முழுக்க ஆடாதொடைதான். ஆடு வாய் வைக்காது என்பதற்காக நட்டது. பூசணமும் வாய் வைக்காதோ?

இந்த வருடம் பசு மறுபடி கன்று போட்டது. கிடேரி. அது தீனி தின்னும் வயதுக்கு வருவதற்குள் எனக்கு விடை வேண்டும்.

“பருப்பே வெக்காத. முடிஞ்சிதுல்ல” என்றாள் மனைவி.

“நாம சட்னி அரைக்கிறதும் அதே கடலைதானே?”

அவள் சட்னிக்கு எடுத்த கடலையைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

விதைக்கான கடலையை நாங்கள் மெஷினில் போடுவதில்லை, பருப்பு உடையும். காயின் மேல் தண்ணீர் தெளித்து, சாக்கைப் போட்டு மூடிவிடுவோம். மறுநாள் ஓடு பதமாகிவிடும், விரலால் அழுத்தினால் போதும். ஒரு மூட்டைக்கு வழக்கம்போல் தண்ணீர் தெளித்தேன். இன்னொன்றுக்குத் தண்ணீருக்குப் பதில் ஆடாதொடை இலையைக் காய்ச்சி வடித்த கஷாயம், இருமலுக்குக் குடிப்போமே அது. வீடே கசந்து நாறியது.

“கடலைக்கு இருமலாய்யா?” என்றாள் மனைவி. அந்த இரண்டையும் அவள் தொடவில்லை. சமையலுக்கென்று ஒரு முறம் காயைத் தனியாக எடுத்து, எதுவும் தெளிக்காமல் வறட்டு ஓட்டையே உடைத்து உரித்தாள்.

மூன்றையும் உரித்து வைத்து, இருபது நாள் கழித்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். டாக்டர் சொல்லியனுப்பிய லேப். அங்கிருந்த பெண் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசினார். அரைத்து, சாறு எடுத்து, ஒரு தகட்டில் பொட்டுப் பொட்டாக வைத்தார். சாயங்காலம் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டு ஊதா விளக்கைப் போட்டார். விஷம் இருந்தால் நீலமாக மின்னும் என்றார். தண்ணீர் தெளித்த பருப்பு பளிச்சென்று மின்னியது. கஷாயம் தெளித்தது அதைவிட மங்கல், ஆனாலும் மின்னியது. மூன்றாவது பொட்டு வைத்த இடம் இருட்டாகவே இருந்தது.

“அதுக்கு இன்னா மருந்து போட்டீங்க அண்ணா?”

“ஒண்ணும் போடல. என் வூட்டுக்காரி சும்மா உரிச்சா.”

அவர் சிரித்துவிட்டார். “இலை ஏதோ கொஞ்சம் செஞ்சிருக்கலாம். ஒரு தடவ பாத்துச் சொல்ல முடியாது. ஆனா ஈரத்த வெச்சி மூடி பூசணத்த வளத்ததே நீங்கதான். கஷாயமும் தண்ணிதானே அண்ணா?”

இத்தனை வருடம் கடலைக்குத் தண்ணீர் காட்டியது இந்தக் கைதான். இது எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கஷாய மூட்டையில் கழித்த பருப்பை இடித்து, டப்பாவில் போட்டு, கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வெளியே ஓடிவந்து போன் போட்டேன்.

“கண்ணுக்குட்டிக்கு அந்த டப்பாவுல இருந்து எதுனா வெச்சியா?”

“நான் ஏன் வெக்கிறேன்? நீ திருப்பதில இருந்து வந்து சொல்றவரைக்கும் புல்லுதான்னு காலைலயே முடிவு பண்ணிட்டேன்.”

டப்பாவைக் குழி தோண்டிப் புதைத்தேன். இப்போது வறட்டுக் காயையே உரிக்கிறோம். கட்டைவிரல் நகம் பிய்கிறது. சொத்தை எதுவும் தீனித் தொட்டிக்குப் போவதில்லை. ஆடாதொடையை மட்டும் நான் விடவில்லை. இலையை நிழலில் காயவைத்துப் பொடி பண்ணி, காய்ந்த பருப்பு ஒரு படியோடு கலந்து பானையில் வைத்திருக்கிறேன். கிடேரி அந்தப் பானையை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

“அதுக்கு மொதல்ல குடுக்காத. நீ துன்னு பாரு” என்றாள் மனைவி.

அதிலிருந்து லேபுக்கு ஒரு பொட்டலம் கட்டியாகிவிட்டது. திருப்பதியிலிருந்து பதில் வரும்வரை நானும் தின்னப் போவதில்லை.