அக்கா திறந்து பார்க்காத பதிவுகள்

அம்மா இறந்த பிறகுதான் வலைப்பூ எழுதத் தொடங்கினேன். கேளம்பாக்கத்தில் என் ஃபிளாட்டில்தான் அவளுடைய கடைசி மாதங்கள் கழிந்தன. ஈரலில் புற்று. இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நம்பி, கடப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவை நான் அவசரப்படுத்தவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கல்லறையிலிருந்து திரும்பியதோடு அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

போனில் சொல்ல முடியாததை எழுதினேன். பதிவு போட்டதும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கஞ்சிக்குக் கருவாடு வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தது, பால்கனியில் உட்கார்ந்து ஷேர் ஆட்டோக்காரர்களின் சண்டையை ரசித்தது, இதையெல்லாம் எழுதினேன். வலியை எழுதவில்லை. சாயங்காலமானால் "பெரியவ வந்துட்டாளா?" என்று அம்மா கேட்டதையும் எழுதவில்லை. அக்கா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

பெயர் போடாத ஒருவர் மட்டும் தவறாமல் படித்துப் பின்னூட்டம் போட்டார். "அம்மா அப்புறம் சாப்பிட்டாங்களா?" "ராத்திரி தூங்கினாங்களா?" அது அக்காதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் எழுதினேன்.

கோவளத்தில் சித்தி மகள் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்துப் பந்தலில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"நீ படிக்கிறது எனக்குத் தெரியும்க்கா."

"இன்னாத்த?"

"அம்மாவ பத்தி எழுதுறேனே, அத."

"நீ அனுப்புறது எதையும் நான் தொறந்ததே இல்ல. நாள் பூரா மிஷின்ல குந்திகினு கீறேன், எனக்கு எங்க நேரம்? ஊருக்கு எழுதத் தெரியுது, கூடப் பொறந்தவகிட்ட நேர்ல வந்து சொல்லத் தெரியலயா?"

அவள் பிரியாணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"கடைசில அம்மா என்னிய கேட்டாளா?"

"தெனமும் கேட்டாங்க."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தவள், கை கழுவாமலே பஸ் ஏறப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பெயரில்லாதவரிடம் நீங்கள் யார் என்று கேட்டேன். வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறவர். அவருடைய அம்மாவுக்கும் அதே நோய். "அடுத்து என்ன வரும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன்" என்று எழுதியிருந்தார். நான் காட்டியதோ வலியே இல்லாத ஒரு சாவு. அவரும் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவருக்காகத்தான் எழுதினேன். வயிறு வீங்கியது, ஆளை அடையாளம் தெரியாமல் போனது, மாத்திரைக்கும் அடங்காத அலறல், எதையும் விடவில்லை. இவை அக்கா படிக்க வேண்டியவை அல்ல, நேரில் கேட்க வேண்டியவை என்பது எழுதும்போதே புரிந்தது. அவளுக்கு அனுப்புவதை நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் அக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை. சில இடங்களில் மட்டும் மிஷின் நின்றது, பிறகு ஓடியது. நான் முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போதும், கெளம்பு. பஸ்ஸு பூடும்" என்றாள்.