சத்தம் நின்றால் விழிப்பவர்

குளிர்பதனக் கிடங்கின் இயந்திர அறையில் அவரை அலாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக இரவுப் பணி. நான்கு கம்ப்ரசர்களும் காதைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது நாற்காலியில் சாய்ந்து சுகமாகக் கண்ணயர்வார். அதில் ஒன்று நின்றால் போதும், அடுத்த நொடி எழுந்துவிடுவார். "தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று ஃபிட்டர் கிண்டலடிப்பான். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

வீட்டில் அந்தக் கெட்டிக்காரத்தனம் எடுபடவில்லை. ஏழு வயது மகளுக்கு ஆஸ்துமா. வேளை தவறாத இன்ஹேலர், தூசு அண்டாத படுக்கை என்று மனைவி ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அப்படியும் மாதம் ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. கடைசித் தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் தாங்குவாளா என்ற பயம் இருவருக்கும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் துணிவில்லை.

வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பியதை இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் குறட்டையோ வீட்டில் வேடிக்கைப் பொருள். "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்தவ" என்று மனைவி சிரிப்பாள். இரவில் பிள்ளையின் பக்கத்தில் படுப்பவள் அவள்தான். ஆனால் நாள் முழுக்க உழைத்த அலுப்பு, அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவாள்.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா அந்தக் குறட்டையைத்தான் முதலில் விசாரித்தார்.

"குறட்டை நடுவுல சட்டுனு நின்னு, அப்புறம் திணறித் திணறி வருமா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். நல்லாத்தான் தூங்குவா" என்றாள் மனைவி.

கணவருக்கோ ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் கண்முன் வந்தன. மகளை ஒட்டிப் படுத்திருப்பார். நல்ல தூக்கத்தில் திடுக்கென்று விழிப்பார், கால் தரையில் செருப்பைத் தேடும். எந்த மெஷின் நின்றது? வீட்டில் ஏது மெஷின்! சனியன் பிடித்த வேலை, இங்கேயும் நிம்மதியாகத் தூங்க விடாது என்று திட்டிக்கொள்வார். பக்கத்தில் மகள் சத்தமே இல்லாமல் கிடப்பாள். இப்போதுதான் அசந்து தூங்குகிறாள் என்று திரும்பிப் படுப்பார். சற்றுப் பொறுத்து ஒரு திணறல், மறுபடி குறட்டை. அந்தச் சத்தத்தில் அவரும் தூங்கிப்போவார்.

"நிக்குது டாக்டர்" என்றார். "எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருந்தது. தூக்கத்தில் அது மூச்சை அடைக்கிறது. "ஆஸ்துமா இருக்கிற பிள்ளைங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இதைக் கவனிக்காம விட்டா ஆஸ்துமாவும் அடங்காது. ஒண்ணு இன்னொண்ணை ஏத்திவிடும்." தூக்கத்தைச் சோதித்துப் பார்த்ததில் மணிக்குப் பதினான்கு தடவை மூச்சு நின்றது தெரிந்தது.

"தெரியாமத்தானே இருந்துட்டீங்க" என்றாள் மனைவி, பஸ்ஸில்.

"கம்ப்ரசர் நின்னா மட்டும் எழுந்து ஓடுறேனே" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சதையை எடுத்த ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. இன்ஹேலர் தொடர்கிறது. ஆஸ்பத்திரி ஓட்டம் இதுவரை இல்லை. குறட்டையும் போய்விட்டது. இயந்திர இரைச்சலில் மந்தமாகிப்போன அவர் காதுக்கு மகளின் மெல்லிய மூச்சு எட்டுவதில்லை. அதனால் ஞாயிறு மதியம் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தபடி விழித்துக் கிடக்கிறார்.

"கை கனமா இருக்குப்பா" என்று முனகினாள் ஒருநாள்.

கையை எடுத்துவிட்டு, ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டார்.